டைபாய்டு மேரியைப் பிடித்தவருக்குப் பெயர் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் 'டைபாய்டு மேரி' பற்றிய கட்டுரையைப் படித்தேன். தனக்கு நோய் அறிகுறி இல்லாமலே நியூயார்க்கில் பலருக்கு டைபாய்டைப் பரப்பிய சமையல்காரர் மேரி மாலன், அவரைத் துப்பறிந்து கண்டுபிடித்த ஜார்ஜ் சோப்பர், அவரை அடைத்து வைத்த நார்த் பிரதர் தீவு என்று எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. 1907ஆம் ஆண்டு போலீசாருடன் போய், மணிக்கணக்கில் தேடி, ஒளிந்திருந்தவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தவர் மட்டும் 'ஒரு பெண் சுகாதார அதிகாரி' ஆகிவிட்டார். அவர் டாக்டர் சாரா ஜோசபின் பேக்கர். உசிலம்பட்டி வட்டாரத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த எனக்கு அந்த ஒரு வரியைப் படித்ததும் மனம் தாங்கவில்லை.

என் மகள் பொதுச் சுகாதாரம் படித்தபோது இரவில் பாடத்தை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே படிப்பாள். பேக்கரை எனக்கு அறிமுகப்படுத்தியவள் அவள்தான். டைபாய்டில் தந்தையைப் பறிகொடுத்தபோது பேக்கருக்கு வயது பதினாறு. 1898இல் மருத்துவப் பட்டம் பெற்று, பிறகு நியூயார்க் நகரச் சுகாதாரத் துறையில் ஆய்வாளராகச் சேர்ந்தார். மேரியைப் பிடித்தது அவர் வாழ்க்கையில் சில நாள் வேலை. அவர் பேர் நிலைக்க வேண்டியது 1908ஆம் ஆண்டுக் கோடையில் செய்த காரியத்துக்காக.

கோடை வந்தால் அந்த நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் கொத்துக் கொத்தாக இறந்தன. பேக்கர் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தார். முந்தின நாள் பிறந்த குழந்தைகளின் பட்டியலைப் பதிவேட்டிலிருந்து எடுத்து, முப்பது செவிலியரை வீடு வீடாக அனுப்பினார். மருந்து கொடுக்க அல்ல. குழந்தைகள் நல்ல உடம்போடுதானே இருந்தன. தாய்ப்பால் கொடுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், தினமும் குளிப்பாட்டுங்கள், வெயில் நேரத்தில் துணியைச் சுற்றி வைக்காதீர்கள். சொன்னது இவ்வளவுதான். முந்தைய கோடையைவிட அந்தப் பகுதியில் குழந்தைச் சாவு 1,200 குறைந்தது.

மகள் இதைச் சொன்னபோது எனக்கு ஒரு வீடு நினைவுக்கு வந்தது. சித்திரை வெயில். சன்னல் இல்லாத அறையில் ஐந்து நாள் பிள்ளை, பழைய சேலையை நான்காக மடித்துச் சுற்றி, தலையில் குல்லாயோடு கிடந்தது. பாட்டி சங்கில் கழுதைப்பால் வைத்திருந்தார். "காற்றுப் பட்டால் பிள்ளைக்கு ஆகாது, நர்சம்மா" என்றார். சங்கை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டுச் சேலையை அவிழ்த்தேன். கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு, சிவந்து போயிருந்தது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, தாயின் மார்பில் வைத்தேன். கைகால் விரித்து அந்தப் பிள்ளை பால் குடித்ததைப் பாட்டி வைத்த கண் வாங்காமல் பார்த்தார். அடுத்த முறை போனபோது குல்லாய் இல்லை.

எங்கள் பக்கம் தாய் களையெடுக்கப் போனால் பிள்ளை அக்காவின் இடுப்பில்தான். நியூயார்க்கிலும் அதே கதை. பேக்கர் அந்த அக்காக்களைப் பள்ளியிலேயே சங்கமாகச் சேர்த்து, குழந்தை வளர்ப்பு கற்றுக்கொடுத்தார். அதைக் கேட்ட பிறகு, புதன்கிழமை தடுப்பூசிக்குத் தம்பி தங்கையைத் தூக்கி வரும் சிறுமிகளையும் உட்காரவைத்து உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்கச் சொல்லிக்கொடுத்தேன். ஒருத்தி கலக்கி, ஒரு வாய் குடித்துப் பார்த்து, "கண்ணீர் மாதிரி இருக்கிறது" என்றாள். அதுதான் சரியான பதம். அதற்குமேல் உப்புக் கரிக்கக் கூடாது.

கண்நோயால் பார்வை போகாமல் இருக்க அந்தக் காலத்தில் பிறந்த குழந்தையின் கண்ணில் விட்ட வெள்ளி நைட்ரேட் மருந்து, புட்டியில் இருக்க இருக்கக் கெட்டுவிடும் அல்லது வற்றிக் கடுமையாகிவிடும். ஒரு வேளைக்கான துளிகளைத் தேன்மெழுகுச் சிமிழில் அடைத்துத் தர ஏற்பாடு செய்தவரும் பேக்கர்தான். பாடம் நடத்த அழைத்த நியூயார்க் பல்கலைக்கழகம், பெண் என்பதால் அவரை மாணவியாகச் சேர்க்க முதலில் மறுத்தது. விடாமல் நின்று 1917இல் அங்கேயே பொதுச் சுகாதார முனைவர் பட்டம் வாங்கினார். குழந்தைகள் நோயில்லாமல் இருப்பதால் தங்கள் தொழில் கெடுகிறது என்று புரூக்ளின் மருத்துவர்கள் சிலர் மேயருக்கு மனுவே கொடுத்தார்கள். அந்த மனுவை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் பிழைக்க வைத்த டாக்டரை ஊர் மறப்பதில்லை. காய்ச்சலே வராத பிள்ளைக்கு யாரை நினைத்துக்கொள்வது என்று ஊருக்குத் தெரியாது. நாளிதழாவது எழுத வேண்டாமா? அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தமாவது வெளியிடுங்கள். இடமிருந்தால் அவருடைய 1908ஆம் ஆண்டுக் கோடையைப் பற்றித் தனிக் கட்டுரையே போடுங்கள். பெயர் சாரா ஜோசபின் பேக்கர், 1873 – 1945.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.