பாக்கி என்ற ஒரு சொல்

திருப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அத்தைக்குக் காய்ச்சல், அப்புறம் முதல் பருவத் தாள்கள் திருத்தும் வேலை என்று மூன்று நாள் ஓடிவிட்டது. அத்தைக்கு இப்போது தேவலை, கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறார். சின்னவன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் ஒருவழியாக ஒட்டிக்கொண்டான். வீட்டுச் செய்தி இவ்வளவுதான். சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

உன் தாளவாடிப் பள்ளியில் மூன்று மாதமாக வாயே திறக்காத அந்தக் கன்னடக்காரப் பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தாய். வகுப்புக்குள் கன்னடமே பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டால் தமிழ் தானாக வந்துவிடும் என்று உன்கூட வேலை பார்ப்பவர் சொல்கிறாராம். செய்து பார்க்கட்டுமா என்கிறாய். செய்யாதே மல்லிகா. நான் செய்து பார்த்தவள்.

எங்கள் பள்ளியைச் சுற்றிலும் பனியன் கம்பெனிகளும் லைன் வீடுகளும்தான், உனக்குத் தெரியும். முன்பெல்லாம் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆண்கள் மட்டும் வருவார்கள். இப்போது குடும்பத்தோடு வந்து தங்குகிறார்கள். போன வருடம் என் மூன்றாம் வகுப்பில் 31 பிள்ளைகள், அதில் 7 பேர் வீட்டில் தமிழ் கிடையாது. முதல் நாளே, "இந்த ரூமுக்குள்ள தமிழ் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டேன். நல்லதென்று நம்பித்தான் சொன்னேன்.

அதில் ஒரு பையன், பீகாரில் சிவான் பக்கம். அப்பாவுக்கு நிட்டிங்கில் வேலை, அம்மாவுக்குச் செக்கிங். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அவன் குரலை நான் கேட்டதே இல்லை. பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பான், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பான், உட்காரச் சொன்னால் உட்காருவான். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் கற்ற அளவுக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்போமே, தமிழ், கணக்கு இரண்டிலும் அவனை அடிநிலையான அரும்பில் போட்டு வைத்திருந்தேன். அவனுக்குக் கணக்கு வரவில்லை என்றே எழுதியும் வைத்தேன். அதை இப்போது நினைத்தாலும் மனசு அடித்துக்கொள்கிறது.

ஒருநாள் புளியங்கொட்டை வைத்துக் கழித்தல் நடத்திக்கொண்டிருந்தேன். அவன் முன்னால் 12 கொட்டைகளை எண்ணி வைத்து, அதில் 7ஐ என் கைக்குள் எடுத்துக்கொண்டு, "மீதம் எத்தனை?" என்றேன். பையன் என் முகத்தையே பார்த்தான். மறுபடி கேட்டேன். கை பொத்தானுக்குப் போய்விட்டது. பக்கத்தில் இருந்த மளிகைக் கடைக்காரர் மகளுக்குப் பொறுக்கவில்லை. "பாக்கி எவ்வளவுடா?" என்றாள்.

சட்டென்று தலை நிமிர்ந்தது. "பாக்கி? பாஞ்ச்" என்றான். சொன்னவன் உடனே பயந்துபோய் வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

மல்லிகா, அந்தக் கை வாய்க்குப் போனதே, அது நான் போட்ட சட்டத்தால் போனது. அன்றே அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டேன்.

கணக்கு அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மீதம் என்ற சொல்தான் தெரியவில்லை. பாக்கி என்றால் அவன் வீட்டிலும் பாக்கிதான். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் பொதுவாக இருக்கும் சொற்களை நாங்கள் எல்லோரும் சேர்ந்து தேட ஆரம்பித்தோம். சாவி, அலமாரி, மைதானம், ஜோடி, தயார், ஜாஸ்தி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாறி அங்கேயும் இருக்கிறது. "டப்பா காலி" என்று சொன்னால் அப்படியே புரிகிறது. சாவியும் அலமாரியும் போர்த்துக்கீசியர் கொண்டு வந்த சொற்கள், இரண்டு பக்கமும் தங்கிவிட்டன என்று சொன்னபோது, தமிழ்ப் பிள்ளைகளுக்குத்தான் ஆச்சரியம் அதிகம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஒட்டிக்கொண்டே போனோம், சுவரில் இடம் போதவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். நான் தட்டுத் தடுமாறி இந்தி பேசியபோதும் அவன் முகம் பெரிதாகத் திறக்கவில்லை. அவன் அம்மாவைப் பள்ளி கேட்டில் பிடித்துக் கேட்டேன். வீட்டில் போஜ்பூரியாம், இந்தி அவனுக்குப் பள்ளிக்கூடத்து மொழி. உன் பேர் என்ன என்பதற்கு "தோஹார் நாம் கா பா?" என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தார். மறுநாள் கேட்டேன். அவன் சிரித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அவன் "நாங்க தண்ணி குடிக்கட்டா" என்று தனியாக நின்று கேட்பதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. இந்தியில் "ஹம்" என்றால் நாங்கள், போஜ்பூரியில் அதுவே நான்.

டிக்டேஷனில் கொடு என்றால் கோடு என்று எழுதுவான், பெட்டியைப் பேட்டி என்பான். எத்தனை சிவப்பு மை செலவழித்திருப்பேன். இந்தியில் குறில் எகரமும் ஒகரமும் தனி எழுத்தாகக் கிடையாது, ஏ, ஓ மட்டும்தான். அந்த வித்தியாசம் அவன் காதில் விழவே இல்லை. பனியன் கம்பெனி வெட்டு எலாஸ்டிக் நம் ஊரில் தெருவெல்லாம் கிடக்கும் அல்லவா, ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். "கோ" என்று நீட்டும்போது இழுக்க வேண்டும், "கொ" என்றால் விட்டுவிட வேண்டும். பத்து நாளில் காதுக்குப் பிடிபட்டது. பதிலுக்கு அவனும் எனக்கு ஒன்று காட்டினான். பம்பரத்தில் இரண்டு ப இருக்கிறது, இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கவில்லையே என்றான். அவன் எழுத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. முப்பது வருடமாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன், ஒரு பிள்ளையும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

தாய்மொழியிலேயே பாடம் நடத்த முடியுமா என்று நீ கேட்பாய். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 29ஆம் பிரிவில் இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கத்தான் சொல்கிறது. ஒரே அறையில் போஜ்பூரியும் ஒடியாவும் தமிழும் இருக்கும்போது ஒற்றை ஆளால் ஆகாது. அவர்கள் மொழியை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வரச் சொல்லாமல் இருக்கலாம், அது முடியும். பிள்ளைகள் யோசிப்பதை முதலில் தங்கள் பேச்சில் சொல்லட்டும், நாம் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லுவோம்.

அவசரமும் வேண்டாம். தெருவில் பேசும் பேச்சு ஓரிரு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தகத்தின் மொழிக்கு ஐந்து வருடத்துக்கு மேலும் ஆகும் என்று கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற மொழிக் கல்வி ஆய்வாளர் பிரித்துக் காட்டியிருக்கிறார். இவனும் இப்போது கபடி ஆடும்போது "உடுங்கடா" என்று கொங்குத் தமிழில் கத்துகிறான், ஆனால் "செல்கின்றனர்" என்று புத்தகத்தில் வந்தால் நின்றுவிடுகிறான். நம் ஊர்ப் பிள்ளைகளே "செல்கின்றனர்" என்று வீட்டில் பேசுவதில்லையே, பாவம்.

உனக்கு என்னைவிட வழி சுலபம். தாளவாடிப் பிள்ளைக்கு ஹாலு என்றால் பால், ஹல்லு என்றால் பல், ஹுலி என்றால் புலி, ஹத்து என்றால் பத்து. நீயாகச் சொல்லிக் கொடுத்துவிடாதே. நாலு படம் போட்டு, பக்கத்தில் அவள் சொல்வதை ஒரு தாளிலும் தமிழ்ச் சொல்லை இன்னொரு தாளிலும் எழுதி வை. ஹ இருக்கும் இடத்தில் ப வருகிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும். அப்புறம் ஹூவு என்று எழுதி, தமிழில் என்ன என்று கேள்.

தீபாவளி முடிந்த ஆறாம் நாள் சட் பூஜை, பீகார்க்காரர்களுக்குப் பெரிய பண்டிகை. பாட்னா எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிட்டார்கள், பையன் ஊருக்குப் போகிறான். திரும்பி வருவானா என்று அவன் அம்மாவிடம் கேட்டேன், கம்பெனியில் ஆர்டர் இருந்தால் வருவோம் என்றார். இப்போது நாலாம் வகுப்பு, என் ரூமில் இல்லை. ஆனாலும் தினமும் சாயங்காலம் எட்டிப் பார்த்து, "டீச்சர், பாக்கி?" என்பான். நோட்டுத் திருத்துவது இன்னும் எத்தனை பாக்கி என்று கேட்கிறான். எண்ணிச் சொன்னால்தான் போவான்.

லீவில் ஒருநாள் வரப் பார்க்கிறேன். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவும் அத்தைக்கு ஒத்துக்கொள்ளாது, நான் மட்டும் வருகிறேன். அதற்குள் அந்தப் பிள்ளை ஹூவுக்கு என்ன சொன்னாள் என்று எழுது.

அன்புடன்,
உன் சாந்தி