நிவாரண நிதியில் காவலர் சம்பளமா?

ஆசிரியருக்கு,

கொரோனா நிவாரண நிதியைக் காவல் துறைக்குக் கொடுப்பதில் தவறே இல்லை என்று அமெரிக்க மாநில சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் சொல்லியிருப்பதைப் படித்தேன். குற்றங்கள் கூடிவிட்டன என்ற அவர் கவலை நியாயமானதுதான். 2020-இல் அந்த நாட்டில் கொலைகள் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடின. காவலர் பணியிடங்களை நிரப்ப இந்த நிதியைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கக் கருவூலத் துறையே 2021-இல் அனுமதித்தது. சட்டப்படி தடை இருக்கவில்லை, சரி.

ஆனால் இது ஒரே ஒரு முறை வரும் பணம். அப்போதைய அதிபர் பைடன் 2021 மார்ச்சில் கையெழுத்திட்ட மீட்புத் திட்டச் சட்டம்தான் இந்த நிதியாக மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 35,000 கோடி டாலர் ஒதுக்கியது. அதை 2026 இறுதிக்குள் செலவழித்தாக வேண்டும். காவலர் சம்பளமும் ஓய்வூதியமும் அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் தொடரும் செலவு. அலபாமா மாநிலம் இந்த நிதியில் 40 கோடி டாலரைச் சிறைகள் கட்டத் திருப்பிவிட்டது. நோயில் வேலையை இழந்து வீட்டு வாடகை கட்ட முடியாமல் போனவர்களுக்காக வந்த பணம் அது! எனக்கு மனம் ஆறவில்லை.

அதே நிதியில் வன்முறையைத் தெருவிலேயே பேசித் தடுக்கும் சமூகப் பணியாளர்களை அமர்த்தியிருக்கலாம். மனநல நெருக்கடி அழைப்புகளுக்குத் துப்பாக்கி இல்லாத குழுவை அனுப்பியிருக்கலாம். இவற்றுக்கும் அனுமதி இருந்தது. உறுப்பினர் இவற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்புறம், 2027-இல் புதிய காவலர்களுக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதையும் அவர் வாக்காளர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்