கண்ணாடியும் ஃபிக்டேயின் 'நான்' என்பதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மனத்தையும் கருத்தையும் முதன்மையாகக் கொள்ளும் ஜெர்மானியக் கருத்துமுதல்வாதம் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் கடந்த வாரம் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நமது நாளிதழ்களில் ஜெர்மானிய மெய்யியலாளர் ஃபிக்டேயின் பெயரைக் காண்பதே அரிது என்பதால் மகிழ்ச்சிதான். ஆயினும், தன்னுணர்வு என்பது மனம் தன்னைக் கண்ணாடியில் பார்ப்பது போன்றது என்றும், ஃபிக்டேயின் கொள்கை அதுவே என்றும் எழுதியிருப்பது சரியன்று. அவர் மறுத்ததே அந்த உவமையைத்தான்.

எங்கள் திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் நிறுத்தியிருக்கும் முச்சக்கரவண்டிகளின் பக்கக் கண்ணாடியை அங்கு திரியும் மான்கள் முகர்ந்து பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். கண்ணாடி மானின் உருவத்தைப் பிழையின்றிக் காட்டுகிறது; 'இது நீ' என்று மட்டும் அதனால் சொல்ல முடிவதில்லை. அதில் தெரியும் முகம் என்னுடையது என்று நான் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அதற்கு முன்பே வேறொரு வழியில் என்னை நான் அறிந்திருக்க வேண்டும். ஆகவே தன்னுணர்வைக் கண்ணாடியால் விளக்கப் புகுபவர், விளக்க வேண்டியதையே கையில் வைத்துக்கொண்டு தொடங்குகிறார்.

ஃபிக்டே தம் மாணவர்களிடம் முதலில் சுவரை நினைக்கச் சொல்லி, பின்பு சுவரை நினைத்தவரை நினைக்கச் சொன்னார் என்பது அவரது வகுப்பில் இருந்த ஒருவர் எழுதிவைத்த செய்தி. நினைக்கப்படும் 'நான்' ஒன்று, அதை நினைக்கும் 'நான்' வேறொன்று என்று கொண்டால், அந்த இரண்டாவதை அறிய மூன்றாவது வேண்டும், அதற்கு நான்காவது வேண்டும், இதற்கு முடிவில்லை. ஆனால் தன்னுணர்வு நம்மிடம் இருக்கத்தான் செய்கிறது. எனவே அங்கே அறிபவனும் அறியப்படுவதும் தொடக்கத்திலேயே ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. 1794இல் ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்க வந்த அவர், 'நான்' ஒரு பொருளன்று, செயலே என்றார். பின்னாளைய விரிவுரைகளில் அது கண்ணாடியன்று, கண் என்றும் சொன்னார். இந்தக் கண்டுபிடிப்பின் அருமையை ஜெர்மானிய மெய்யியலாளர் டீட்டர் ஹென்ரிக் 1966இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டிய பிறகே பலர் ஃபிக்டேயை மீண்டும் கவனமாகப் படிக்கத் தொடங்கினர்.

ஃபிக்டேக்கு முன்னோடியான மெய்யியலாளர் காண்ட் பற்றிக் கட்டுரையில் உள்ள வரியில் ஒரு சொல் விடுபட்டுள்ளது. 'நான் சிந்திக்கிறேன்' என்பது நம் எண்ணங்கள் எல்லாவற்றுடனும் வருகிறது என்று தமது 'தூய அறிவின் விமரிசனம்' நூலின் 1787ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் சொல்லவில்லை. வரக்கூடியதாக இருக்க வேண்டும் என்றே சொன்னார். சிறிய சொல்தான், ஆனால் அதை எடுத்துவிட்டால், மீன் வெட்டும்போதும் பேருந்துக்கு ஓடும்போதும் நாம் ஓயாமல் நம்மையே நினைத்துக்கொண்டிருப்பதாக ஆகிவிடும்.

ஃபிக்டேயின் 'நான்' நமது சைவ சித்தாந்தம் கூறும் ஆணவமே என்று கட்டுரையில் வரும் ஒப்பீடு எனக்கு வருத்தமளித்தது. ஆணவம் உயிரின் அறிவை மறைக்கும் மலம், அதாவது உயிரைப் பற்றியுள்ள மாசு. ஃபிக்டே பேசுவதோ அறிவு நிகழ்வதற்கே வேண்டியதை. ஒப்பிட விரும்பினால் மெய்கண்டாரின் சிவஞானபோதத்துப் பதினோராம் சூத்திரம் இருக்கிறது. காணும் கண்ணுக்கு உயிர் காட்டுவதுபோல, காணும் உயிருக்கு இறைவன் தானும் கண்டு காட்டுகிறான் என்பது அதன் பொருள். கண் தானாகக் காண்பதில்லை என்பதோடு மெய்கண்டார் நிற்கவில்லை. உயிருக்கும் காட்டுபவன் வேண்டும் என்கிறார். ஃபிக்டே 1794இல் அப்படி ஒருவனைக் கேட்கவில்லை. ஆனால் இரண்டே ஆண்டுகளில், இன்னொரு மனிதரின் அழைப்பு இல்லாமல் எவரும் தம்மைத் தனிமனிதராக உணர முடியாது என்று உரிமை பற்றிய நூலில் எழுதினார். கட்டுரை முழுவதுமாக ஹெகலுக்குக் கொடுத்துவிட்ட கருத்தின் வித்து அங்கே கிடக்கிறது. அந்தக் கருத்தைப் பேசும் ஹெகலின் நூல் வெளிவந்தது 1807இல்தான்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதில் ஃபிக்டேயின் கருத்தைக் குறிக்க 'அகந்தை' என்ற சொல்லை நீக்கி 'நான்' என்றே எழுதுமாறும், கண்ணாடி உவமை, காண்டின் வரி ஆகியவை பற்றிய இரண்டு திருத்தங்களையும் சேர்க்குமாறும் கட்டுரையாளரைத் தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.