மற்ற இலக்கத்தையும் சொல்லு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். பின்வளவு முருங்கை காய்த்துக் கொட்டுகிறது, பிடுங்கத்தான் ஆளில்லை.

இரத்தம் குத்திப் பார்த்ததாகவும் சீனி 5.4 என்றும் சொன்னாய். "எல்லாம் நோர்மல் அம்மா" என்று போனை வைத்தாய். பிறகு மூன்று கிழமையாகக் கதையில்லை. கனடாவில் சீனி அளக்கும் அலகு வேறு என்று சின்னக்கா சொன்னாள். 18 ஆல் பெருக்கிப் பார்த்தேன், 97 வருகிறது. 100க்குக் கீழே, நல்லது. அவ்வளவு வேலைக்குள்ளும் நீயாகவே போய்ச் சோதித்தாயே, அது எனக்குப் பெருமைதான். ஆனால் அது வெறும் வயிற்றுச் சீனி. மூன்று மாதச் சீனி, அந்த ஏ1சி, எவ்வளவு? அதை ஏன் சொல்லவில்லை?

வெறும் வயிற்றுச் சீனி அன்று காலை இருந்ததை மட்டும் சொல்லும். ஏ1சி அப்படியில்லை. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உடம்பில் ஓடும், அதில் ஒட்டிய சீனி அது அழியும்வரை போகாது, அதைத்தான் ஏ1சி அளக்கும். அந்த ஏ1சி 5.7 வீதத்துக்குக் கீழே என்றால் பயமில்லை. 6.5க்கு ஏறினால் சலரோகம் என்பார்கள். இடையில் நின்றால் இன்னும் திருத்தலாம். இரவு வேலையால் வந்து சோறு சாப்பிட்ட கையோடு படுக்காதே என்று எத்தனை தரம் சொன்னேன்!

இதெல்லாம் அப்பாவின் காலுக்குப் பிறகுதான் படித்தேன்.

உங்கள் ஒருவருக்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது. கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்பே அப்பாவுக்குப் பிட்டை நிறுத்திவிடுவேன். பனங்கட்டிக் குட்டானை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். குரக்கன் கஞ்சி மட்டும், அதுவும் அரைக் கோப்பை. டொக்டர் இரத்தச் சோதனைத் துண்டைப் பார்த்து "பரவாயில்லையே ஐயா" என்பார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அன்று பின்னேரத் தேத்தண்ணிக்கே பனங்கட்டி வெளியே வந்துவிடும். அந்தத் துண்டில் தெரிந்தது என் கஞ்சிதான். அதை நம்பி டொக்டரும் மருந்தைக் கூட்டாமல் விட்டார். ஏ1சி எடுத்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை. அவர் கேட்டபோதெல்லாம் பனங்கட்டியை எடுத்துக் கொடுத்தது இந்தக் கைதான், தம்பி.

நீயும் இரண்டு நாள் வாயைக் கட்டிவிட்டுத்தான் போனாயோ?

துண்டு முழுவதையும் படமெடுத்து அனுப்பு, கொழுப்புப் பார்த்த பக்கத்தையும் சேர்த்து. சோறு சாப்பிட்ட கையோடு படுக்காதே. எந்த இலக்கமென்றாலும் ஏச மாட்டேன்.

அன்புடன்,
அம்மா