அந்தப் பச்சைக் கூடாரங்களை அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள்

சாட்ஸ்வர்த், டர்பன்
ஜூலை 28

பொருள்: ஜூன் 14 அன்று உங்கள் கடையில் வாங்கிய குளிர்காலக் கூடாரம், விலை 7,850 ரேண்ட்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்தக் கூடாரம் மழையில் ஒழுகியது பற்றி உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு ஆங்கிலத்தில் மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றுக்கும் எழுத்து மாறாமல் ஒரே பதில் வந்தது. கல்லாவுக்குப் பின்னால் நீங்கள் கைப்பட எழுதி ஒட்டியிருக்கும் பொங்கல் வாழ்த்தைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தத் தடவை தமிழில், நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

பணத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். போன சனிக்கிழமை கடைக்கு வந்தபோது அதே கம்பெனியின் கூடாரங்கள், அதே பச்சைப் பைகளில், இன்னும் நான்கு அலமாரியில் இருந்தன. முதல் காரியமாக அவற்றை எடுத்து உள்ளே வையுங்கள். காரணத்தை முழுதாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நானும் என் தம்பியும் ஏழெட்டு வருடமாக மலைக்குப் போகிறோம். மணி என்று ஒரு நாய் வளர்க்கிறோம். ஐந்து வயது, பதினெட்டுக் கிலோ, குட்டை முடி. விலங்குக் காப்பகத்திலிருந்து எடுத்து வந்த நாள் முதல் எங்களை விட்டுப் பிரிந்து ஒரு இரவு இருந்ததில்லை. டிராகன்ஸ்பெர்க் மலைப் பூங்கா எல்லைக்குள் நாய்க்கு அனுமதி கிடையாது. அதனால் அண்டர்பெர்க் பக்கம் ஒரு பண்ணைக்காரரிடம் கேட்டு, அவர் நிலத்தில் ஆற்றோரமாகக் கூடாரம் போடுவோம். அங்கே கழிப்பறை, மின்சாரம் எதுவும் இல்லை. வண்டியை வாசல் கேட்டருகே விட்டுவிட்டு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். கூடாரம் ஒன்றுதான் அங்கே வீடு.

ஜூலை குளிரில் போகப் போகிறோம், நாயும் கூட வரும், பனி விழலாம் என்று உங்கள் கடைத் தம்பியிடம் தெளிவாகச் சொன்னேன். அவர்தான் இந்தக் கூடாரத்தை எடுத்துக் காட்டினார். பையில் 3000 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. அந்தத் துணியின் மேல் மூன்று மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினாலும் உள்ளே கசியாது என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். அதை நம்பித்தான் வாங்கினேன்.

வீட்டில் பையைத் திறந்ததும் ஊசிப்போன தயிர் மாதிரி ஒரு வாடை. கடைக்குப் போன் செய்து கேட்டேன். புதுப் பூச்சின் வாடை, காற்றாட விட்டால் போய்விடும் என்றார்கள். சரி என்று பின்வாசலில் இரண்டு நாள் விரித்து வைத்தேன். டர்பனில் ஜூன் மாதம் மழை எங்கே பெய்கிறது? நனைத்துப் பார்க்காமல் விட்டேன்.

ஜூலை 11, வெள்ளிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம். மலையிலிருந்து வெதுவெதுப்பான காற்று அடித்தது. இங்கே எல்லோருக்கும் தெரிந்த பெர்க் காற்றுதான். குளிர் வருவதற்கு முன்னால் ஒரு நாள் வெயில் மாதிரி ஏமாற்றும். குளிர் வரப்போகிறது என்று வானிலை அறிக்கையில் இருந்தது, தெரிந்துதான் போனோம். முளைகளை ஆழமாக அடித்தோம், கயிறுகளை இழுத்துக் கட்டினோம், மணிக்குத் தனியாக ஃபோம் மெத்தை, கம்பளி, சட்டை எல்லாம் வைத்திருந்தோம். அன்றைக்கு அவனுக்குச் சோறும் கறியும் வழக்கத்தைவிடக் கூடவே போட்டேன், குளிரில் நாய்க்குத் தீனி அதிகம் வேண்டும் என்பதால்.

ஏழு மணிக்குக் காற்று திரும்பித் தெற்கிலிருந்து அடித்தது. எட்டரைக்கு மழை. பதினோரு மணி இருக்கும், என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. டார்ச்சை அடித்துப் பார்த்தேன். நாங்கள் படுத்திருந்த உள்ளறைக்கு வெளியே போர்த்தும் மேல் விரிப்பின் தையல் மேல் நீர் புகாமல் இருக்க ஒட்டியிருந்த டேப், ஒரு முழ நீளத்துக்கு உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டேன், பிசின் மாதிரி ஒட்டியது. துணியின் உள்பக்கத்தைத் தடவினால் பூச்சு செதில் செதிலாகக் கையோடு வந்தது. தையல் போகும் ஒவ்வொரு கோட்டிலிருந்தும் தண்ணீர் வரிசையாகச் சொட்டியது. கொஞ்ச நேரத்தில் துணியே ஊறிக் கசிய ஆரம்பித்தது.

தம்பி துண்டை வைத்துத் துடைத்துப் பார்த்தான், பாத்திரத்தை வைத்துப் பிடித்துப் பார்த்தான். எத்தனை இடத்தில் பிடிப்பது? ஒரு மணிக்குள் இரண்டு ஸ்லீப்பிங் பேக்கும் கால்மாட்டில் கனத்துப் போயின. மணியின் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் ஓடியது. அப்புறம் மழைச் சத்தம் நின்றது. கூடாரத்தின் மேல் மணல் தூவுவது போல ஒரு சத்தம் வந்தது. வெளியே பனி.

நான் செவிலியாக வேலை பார்க்கிறவள். குளிரில் மனிதர்களுக்கு என்ன ஆகும் என்பதைப் பார்த்திருக்கிறேன். மணி முதலில் உடம்பு முழுக்க வெடவெடவென்று நடுங்கினான். ஈரச் சட்டையைக் கழற்றி, காய்ந்திருந்த என் பனியனால் ஒற்றி எடுத்து, என் ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். ஒன்றே முக்கால் இருக்கும், அவன் நடுக்கம் நின்றது. “அக்கா, சூடாகிட்டான் போல” என்றான் தம்பி. நான் மணியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளுத்துச் சாம்பல் நிறத்தில் இருந்தது. காது நுனி ஐஸ் மாதிரி. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தான், வால் அசையவில்லை. உடம்பு மிகவும் குளிர்ந்து போனாலும் நடுக்கம் நின்றுவிடும். அது நல்ல அறிகுறி இல்லை என்று எனக்குத் தெரியும்.

கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினோம். முகத்தில் பனி அடிக்க மூன்று கிலோமீட்டர். தம்பி டார்ச் பிடித்து வேலியைத் தடவித் தடவி முன்னால் நடந்தான், நான் மணியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். பாதி வழியில் தம்பி வாங்கிக்கொண்டான். வண்டிக்குப் போய்ச் சேர மூன்றரை மணி ஆகிவிட்டது. ஹீட்டரை ஒரேயடியாக வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன், உடம்போடு சேர்த்தே வைத்திருந்தேன். விடிந்ததும் கால்நடை மருத்துவரிடம் போனோம். அத்தனை நேரம் சூட்டில் இருந்த பிறகும் 36.2 டிகிரிதான் காட்டியது. நாய்க்கு 38-இலிருந்து 39 வரை இருக்க வேண்டும். மதியம் வரை டிரிப்ஸ் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் தம்பி மட்டும் திரும்பிப் போய்க் கூடாரத்தை எடுத்து வந்தான். காயப்போட்டபோது உள்ளறையின் மூலையில், தையலுக்குள் மடிந்து கிடந்த ஒரு சின்ன வெள்ளைச் சீட்டைப் பார்த்தேன். தயாரித்த மாதம் அதில் அச்சாகியிருக்கிறது: 2016 மார்ச்.

ஐயா, ஒன்பது வருடம் பழைய சரக்கு அது. துணியில் நீர் புகாமல் இருக்கப் பூசுவது பாலியூரித்தேன். ஈரமும் சூடும் சேர்ந்து வருடக்கணக்கில் பட்டால் அந்தப் பூச்சு தானாகவே சிதையும். முதலில் வாடை வரும், பிறகு பிசுபிசுக்கும், கடைசியில் உரிந்து விழும். தையல் டேப்பும் அதோடு கழன்றுவிடும். கடற்கரை ஊரான டர்பனின் புழுக்கத்தில், காற்று இல்லாத ஒரு கிடங்கில் இத்தனை வருடம் மடித்துக் கிடந்தால் வேறு என்ன ஆகும்? நான் வாங்கிய அன்றைக்கே அது செத்த கூடாரம்தான். வாடை பற்றி நான் போன் செய்து கேட்டபோதே உங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாது என்றால் கூடாரம் விற்கிற இடத்தில் அதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். எனக்கு விற்ற தம்பியை நான் குறை சொல்லவில்லை. பையில் எழுதியிருந்ததைத்தான் அவர் படித்துச் சொன்னார்.

உங்கள் சேவைப் பிரிவு எழுதிய பதிலுக்கு வருகிறேன். உள்ளே மூச்சுக்காற்று குளிர்ந்து நீராகியிருக்கும் என்கிறார்கள். மூச்சு நீர் விரிப்பு முழுக்கப் பரவலாக வேர்த்து நிற்கும். தையல் கோட்டை மட்டும் பார்த்து வரிசையாகச் சொட்டாது. நாய் நகத்தால் கிழித்திருக்கும் என்கிறார்கள். மணி இருந்தது உள்ளறையில். கசிந்தது அதற்கு வெளியே இருக்கும் மேல் விரிப்பு. அவன் படுத்திருந்த தரைத் துணியில் ஒரு கீறல்கூட இல்லை, படம் அனுப்பியிருக்கிறேன். பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம், வேண்டுமானால் பாதி விலைக்குக் கூப்பன் தருகிறோம் என்கிறார்கள். மழையில் பயன்படுத்தாமல் மழை தாங்குமா என்று எப்படித் தெரியும்?

வீட்டில் ஒரு சோதனையும் செய்தேன். மேல் விரிப்பை ஒரு வாளியின் வாயில் குழிவாகக் கட்டி, பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். நான்கு நிமிடத்தில் வாளிக்குள் சொட்ட ஆரம்பித்தது. பையில் எழுதியிருப்பது மூன்று மீட்டர். பத்து சென்டிமீட்டருக்கே அது தாங்கவில்லை. வீடியோ இணைத்திருக்கிறேன். உங்களிடம் இருக்கும் மற்ற நான்கிலும் இதே சோதனையைச் செய்து பாருங்கள், அரை மணி நேர வேலைதான்.

அதைத்தான் முதலிலேயே கேட்டேன், திரும்பவும் கேட்கிறேன். ஜூலை போனால் குளிர் போய்விடாது. 2024-இல் செப்டம்பர் கடைசிப் பகுதியில் பனி கொட்டி, வான் ரீனன் கணவாயில் என்3 சாலை அடைபட்டு, ஜனங்கள் இரவெல்லாம் வண்டிக்குள் கிடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வசந்தகாலப் பள்ளி விடுமுறைக்குக் குழந்தைகளோடு மலைக்குப் போகிறவர்கள் நிறைய. அவர்களில் யாராவது அந்தப் பச்சைப் பையை வாங்கிக்கொண்டு போகலாம். எங்களுக்கு வண்டி மூன்று கிலோமீட்டரில் இருந்தது, வழி தெரிந்திருந்தது, நாங்கள் இரண்டு பேரும் பெரியவர்கள். எல்லோருக்கும் அப்படி அமையாது. இதற்கு முன் இதே சரக்கை வாங்கியவர்களின் போன் நம்பர் உங்கள் கணினியில் இருக்கும். அவர்களையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இனி பணம். 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56-ஆம் பிரிவு: பொருள் குறையுள்ளதாக இருந்தால் வாங்கி ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சரி செய்வதா, வேறு தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று முடிவு செய்வது வாங்கியவர். கூப்பன் என்ற பேச்சே அதில் இல்லை. எனக்குப் பணம்தான் வேண்டும், 7,850 ரேண்ட் முழுதாக. மருத்துவச் செலவு 3,460 ரேண்ட், பில் இணைத்திருக்கிறேன். குறையுள்ள பொருளால் உடைமைக்குச் சேதம் வந்தால் விற்றவரும் பொறுப்பு என்று அதே சட்டத்தின் 61-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்துக்கு மணி ஒரு உடைமை. எங்களுக்கு அவன் வீட்டுப் பிள்ளை. ஆனாலும் அந்தப் பிரிவின்படியே கேட்கிறேன்.

ஆகஸ்ட் 15 வரை காத்திருக்கிறேன். அதற்குள் பதில் இல்லையென்றால் நுகர்வோர் பொருட்கள், சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் எழுதுவேன், அங்கும் முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். அந்த நான்கு பைகளை எடுத்துவிட்டதாக நீங்கள் போன் செய்து ஒரு வார்த்தை சொன்னால், பண விஷயத்துக்கு இன்னும் இரண்டு வாரம் பொறுக்கவும் தயார்.

கூடாரம் சீட்டோடு அப்படியே என் வீட்டில் இருக்கிறது. எனக்கு இரவு வேலை, அதனால் பகல் இரண்டு மணிக்கு மேல் யார் வந்தாலும் விரித்துக் காட்டுகிறேன். சீட்டை வெட்டிக் கொடுக்க மாட்டேன். மணி இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான். மழைச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து வந்து என் காலடியில் உட்கார்ந்துகொள்கிறான்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, மருத்துவ பில், வெள்ளைச் சீட்டின் படம், மேல் விரிப்பு, தரைத் துணியின் படங்கள், வாளிச் சோதனையின் வீடியோ