சொற்கள் ஒன்று, பொருள் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிய சமய இயக்கங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, அவற்றுக்கும் மரபான கிறிஸ்தவத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் வழிபாட்டு முறையைச் சார்ந்தது என்கிறது. கத்தோலிக்கனாகிய நான் இதனோடு உடன்பட இயலவில்லை. இயேசு யார் என்ற கேள்விக்குத் தரப்படும் விடையிலேயே பிரிவு தொடங்கிவிடுகிறது.

கேள்வி பழையதுதான். இறைமகனாகிய இயேசு படைக்கப்பட்டவரே என்று ஆரியுஸ் என்னும் குரு போதித்தபோது, 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதை மறுத்து, அவர் தந்தையோடு ஒரே இறைத்தன்மை உடையவர் என்று அறிக்கையிட்டனர். பிற்காலத்தில் எத்தனையோ பொருள்களில் பிணங்கிப் பிரிந்த கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் பெரும்பான்மைப் புராட்டஸ்டண்டு சபையினரும் இந்த நம்பிக்கையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

1870களில் சார்லஸ் டேஸ் ரஸ்ஸல் தொடங்கிய விவிலிய ஆய்வுக் குழுவின் வழிவந்த யெகோவாவின் சாட்சிகள், தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் மூவொரு கடவுள் கொள்கையை ஏற்பதில்லை. இயேசுவைக் கடவுளின் முதல் படைப்பாகவும் தலைமை வானதூதர் மிக்கேலாகவும் கொள்கின்றனர். வாக்கு, அதாவது இயேசு, கடவுளாய் இருந்தது என்று யோவான் நற்செய்தியின் தொடக்கத்தை நாம் வாசிக்கும் இடத்தில், 1950இல் வெளியான அவர்களுடைய ஆங்கிலப் புதிய ஏற்பாடு 'a god', அதாவது முழுமுதற் கடவுள் அல்லாத 'ஒரு தெய்வம்', என்று வாசிக்கிறது.

1830இல் ஜோசப் ஸ்மித் நிறுவிய, மார்மன் சபை என்றும் அறியப்படும் பிற்காலப் புனிதர் சபையோ தந்தை, மகன், தூய ஆவி என்னும் சொற்களை அப்படியே வழங்குகிறது. ஆனால் மூவரும் நோக்கத்தால் ஒன்றுபட்டவர்களே அன்றிச் சாரத்தால் ஒன்றானவர்கள் அல்லர் என்றும், தந்தைக்குத் தசையும் எலும்பும் உள்ள உடல் உண்டு என்றும் அது போதிக்கிறது. விவிலியத்தோடு மார்மன் நூலையும் மறைநூலாகப் போற்றுகிறது. புராட்டஸ்டண்டு சபைகளின் திருமுழுக்கைப் பொதுவாக ஏற்கும் வத்திக்கான், இச்சபையின் திருமுழுக்குச் செல்லாது என்று 2001இல் அறிவித்ததற்குக் காரணம் இதுவே: உச்சரிக்கும் பெயர்கள் ஒன்றாயினும், அப்பெயர்களால் சுட்டப்படும் கடவுளைப் பற்றிய நம்பிக்கை வேறு. பருப்பொருளும் நோயும் மெய்யல்ல என்று மேரி பேக்கர் எடி போதித்த 'கிறிஸ்தவ அறிவியல்' என்னும் சமய இயக்கத்திலும், மீட்பு, பாவம் ஆகிய சொற்கள் இவ்வாறே வேறு பொருள் கொள்கின்றன.

இவ்வளவு சொன்னதால், இவர்களை இழிவாகப் பேசுவோரோடு என்னைச் சேர்த்துவிட வேண்டாம். நாஜி ஆட்சியில் படையில் சேர மறுத்து வதைமுகாம்களுக்குச் சென்ற சாட்சிகளின் உறுதியை எண்ணி நான் தலைவணங்குகிறேன். எனினும், ஒருவரை மதிப்பதற்காக அவருடைய நம்பிக்கையை என்னுடையதோடு ஒன்றாக்கிவிட வேண்டியதில்லை. அப்படி ஒன்றாக்குவதை அவர்களும் விரும்பமாட்டார்கள். எனவே, இப்பொருளில் இனி வெளியிடும் கட்டுரைகளில், கடவுளைப் பற்றியும் இயேசுவைப் பற்றியும் ஒவ்வோர் இயக்கமும் தன் சொந்த நூல்களில் கூறுவதை எடுத்துக்காட்டி விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்