தாத்தாவுக்குத் தெரியாத சிவப்பு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். ரயில்வே மருத்துவப் பரிசோதனையில் புள்ளிப் படங்களுக்குள் இருந்த எண் உனக்குத் தெரியவில்லை, லோகோ பைலட் வேலை கைவிட்டுப் போனது என்று அக்கா போனில் சொன்னாள். இரண்டு வருஷம் ராப்பகலாகப் படித்தவன் நீ. கேட்டதிலிருந்து எனக்கும் மனசு சரியில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து, "எல்லாம் உன்னாலதான்" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாயாமே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நிறக்குருடு அம்மா வழியாக வரும் என்று எங்கேயோ படித்திருக்கிறாய். படித்தது சரிதான். பாதியில் நிறுத்திவிட்டாய்.

காவேரிப்பட்டணம் தோப்பில் தாத்தா மாங்காய் பறித்ததை நீ பார்த்ததில்லை. செந்தூராவுக்குக் காம்போரம் குங்குமம் தடவின மாதிரி சிவப்பு ஏறும். தாத்தா துரட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற அக்காவைக் கேட்பார்: "பாப்பா, எதும்மா செவந்திருக்கு?" எட்டு வயசு அக்கா கையை நீட்டி, "அது இல்லப்பா, அதுக்கு இந்தப் பக்கம், இன்னும் மேல" என்பாள். மண்டியில் மட்டும் அவர் யாரையும் கேட்கமாட்டார். காம்பைக் கிள்ளி முகர்ந்து பார்த்தே தரம் பிரித்துவிடுவார். மகளைக் கொஞ்சுவதற்காகக் கேட்கிறார் என்றே நாங்கள் நினைத்தோம். உன் சேதி வந்த ராத்திரிதான் எனக்குப் பொறி தட்டியது. இலைப் பச்சைக்கும் அந்தச் சிவப்புக்கும் அவருக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது.

சிவப்பு, பச்சை இரண்டையும் உணர வைக்கும் மரபணுக்கள், செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளில் ஒன்றான எக்ஸ் குரோமோசோமின் ஒரு நுனியில் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. அதனால் கருமுட்டை உருவாகும்போது, ஒரு பெண்ணின் இரண்டு எக்ஸும் துண்டுகளை மாற்றிக்கொள்கிற நேரத்தில், வரிசை பிசகி ஒன்றில் மரபணு கூடிவிடும், இன்னொன்றில் குறைந்துவிடும். நம் வம்சத்தில் எந்தக் காலத்துப் பாட்டியிடம் அப்படிப் பிசகியதோ, யார் கண்டார்கள்.

தாத்தாவிடம் இருந்தது ஒரு எக்ஸ், ஒரு ஒய். மகனான எனக்கு ஒய்யைத்தான் தந்தார். என் எக்ஸ் பாட்டியுடையது, அதனால் செந்தூரா எனக்குச் சிவப்பாகத் தெரிகிறது. மகளுக்கு அவரிடம் இருந்த அந்த ஒரே எக்ஸ் போயே தீரும். அக்காவுக்குப் போனது. ஆனால் அவளிடம் பாட்டியின் எக்ஸும் இருக்கிறது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அடங்கிப்போகும் என்று 1961இல் மேரி லயன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி சொன்னார். அதாவது அக்காவின் விழித்திரையில் ஒரு செல்லில் தாத்தாவின் எக்ஸ் வேலை செய்யும், பக்கத்துச் செல்லில் பாட்டியுடையது. நிறம் பிரித்துப் பார்க்கப் பாட்டியின் செல்களே அவளுக்குப் போதும். எனக்கு இதைப் படித்தபோது மெய்சிலிர்த்தது.

உனக்கு அந்த இரண்டில் எது வரும் என்பது பூவா தலையா போட்ட மாதிரி. அக்கா கையில் அது இல்லை. உன் அப்பா தந்த ஒய்யில் இந்த மரபணுவே கிடையாது, அதனால் ஈடுகட்டவும் வழியில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் அக்கா பிறந்தபோது, "மொதல்லயே பொட்டப்புள்ள" என்று உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிப் போனார். அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப் போகச் சொல்லி சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தர்மபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், பெண் குழந்தை பிறந்த வீடுகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது அப்பாவின் விந்தணுவில் இருப்பது எக்ஸா ஒய்யா என்பதுதான். மாவுப்புழுவின் செல்களை ஆராய்ந்து நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1905லேயே இதற்கு வழிகாட்டிவிட்டார். ஆனாலும் அன்றைக்கு ஏச்சு வாங்கியவள் உன் அம்மா. இன்றைக்கும் அவளேதானா? அதுவும் உன் வாயால்?

அப்புறம், உன் அக்காவிடமும் இதைச் சொல். தாத்தாவின் எக்ஸ் அவளுக்கும் வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அப்படி வந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் மறுபடி அதே பூவா தலையா. உனக்கு மகன் பிறந்தால் உன்னிடமிருந்து இது போகாது. மகளுக்குப் போகும், பெரும்பாலும் அவளுக்குக் குறை தெரியாது. நம்ம பக்கம் அக்கா மகளைக் கட்டும் வழக்கம் இன்னும் விடவில்லை. அப்படிக் கட்டினால் இரண்டு பக்கமிருந்தும் அதே எக்ஸ் வந்து, பெண் குழந்தைக்கே நிறக்குருடு வர வழி உண்டு. எனக்கு அந்த வழக்கம் எப்போதுமே பிடித்ததில்லை.

வேலை விஷயம். ரயில்வேயிலேயே எழுத்தர் வேலைகள் வரும் சி2 என்ற மருத்துவத் தகுதிப் பிரிவுக்கு நிறப் பார்வை கேட்பதில்லை. நீ படித்த படிப்பு எங்கேயும் போய்விடவில்லை. அடுத்த அறிவிப்பைச் சேர்ந்தே பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை பாலக்கோடு வருகிறேன். தோப்பில் செந்தூரா பறிக்கிறார்கள், ஒரு கூடை கொண்டுவருகிறேன். அதற்குள் அம்மாவிடம் பேசிவிடு. போனில் அவள் உன்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை, "பையன் சரியா சாப்பிடறதில்லடா" என்று மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அன்புடன்,
உன் மாமா